வெயிலடிக்கும்போதும் வெள்ளம் வரும்: மலை ஓடை, அருவி, பண்ணைக் குட்டையில் உயிர் காக்கும் வழிகள்

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கும்பக்கரை அருவியில் குளிக்கிறவர் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடக்கும். அதே நேரத்தில் கொடைக்கானலிலும் வட்டக்கானலிலும் வெள்ளகெவிப் பக்கமும் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மழை பாறை வழியே இறங்கி வந்து சேரும்போது, கீழே இருப்பவருக்கு ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. அருவிக்கு வனத்துறை தடை போட்ட நாளில், "வெயில்தானே அடிக்கிறது, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?" என்று வாசலில் சண்டை பிடிப்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் கீழே இருக்கும் வானத்தைப் பார்க்கிறார்கள். காவலர் மேலே பெய்யும் மழையைக் கணக்கில் வைத்துத் தடுக்கிறார். பழனி மலையிலும் (கொடைக்கானல் இருக்கும் மலைத்தொடர்) நீலகிரியிலும் தண்ணீருக்குப் பக்கத்தில் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இந்தப் பார்வையைத்தான். காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எந்த மாதம், எந்தச் சரிவு

நீலகிரி பார்க்க ஒரே மலை, மழைக்கு இரண்டு மலை. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் மேற்குப் பக்கம். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, பர்லியார் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை பதிவானது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், ஊட்டிப் பகுதிகளில் பெய்த மழையும் அதைத் தொடர்ந்த மண்சரிவுகளும் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே வந்த சரிவை இன்றும் அந்தச் சாலையில் போகிறவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அதோடு ஏப்ரல், மே மாதங்களின் கோடை இடிமழையும் சேர்த்தி. கூட்டம் அலைமோதும் சீசனும் அப்போதுதான். கோடை இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு வரும். எனவே ஓடைப் பக்கம் போவதாக இருந்தால் காலையில் போய், 12 மணிக்குள் மேலேறிவிடுங்கள்.

இடி கேட்டால் கணக்குப் போடுங்கள். மின்னல் தெரிந்ததிலிருந்து இடிச்சத்தம் கேட்கும்வரை நொடிகளை எண்ணி 3-ஆல் வகுத்தால், மழைமேகம் எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது என்று தெரியும். 30 நொடிக்குள் கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. அந்தத் தூரமே ஓடையை விட்டு வெளியேறப் போதுமான காரணம்.

வானிலை மையம் விடும் நிற எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் மழை அளவுகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 204.4 மி.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. பொதுவாக இவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். மஞ்சள்தானே என்று அருவிக்குக் கிளம்பாதீர்கள். சமவெளியில் 7 செ.மீ. மழை தெருவில் தேங்கி நிற்கும். மலையில் அவ்வளவும் ஒரே ஓடைக்குள் இறங்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 10 லட்சம் லிட்டர். 4 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 20 கோடி லிட்டர். அதில் பாதியை மண் குடித்துக்கொண்டாலும், மீதி 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் எட்டாயிரத்துக்கும் மேல் நிரப்பும் அளவு. சோலையும் புல்வெளியும் இருக்கும் சரிவு அதை மெல்ல மெல்ல விடும். சாலையும் கட்டடமும் மூடிய சரிவோ உடனே தள்ளிவிடும்.

உட்காருமுன் கரையைப் படியுங்கள்

ஓடைக்கரையில் துண்டை விரிப்பதற்கு முன் செடிகளையும் பாறைகளையும் ஒரு நிமிடம் பாருங்கள். கிளைகளில் சருகு, வைக்கோல், பிளாஸ்டிக் கவர் சிக்கிக் காய்ந்திருக்கிறதா? அதுதான் போன வெள்ளம் தொட்ட உயரம். பாறையில் ஒரு கோட்டுக்கு மேல் பாசியும் வெள்ளைப் படலமும் படிந்து, கீழே கழுவிவிட்டதுபோல் வெறும் பாறையாக இருந்தால் அந்தக் கோடும் அதையேதான் சொல்கிறது. அந்த உயரத்துக்குக் கீழே சமைக்கவோ, கூடாரம் போடவோ, குழந்தையைத் தூங்கவைக்கவோ கூடாது. ஆற்றின் நடுவில் இருக்கும் தட்டைப் பாறை உட்கார வாகாகத்தான் இருக்கும். தண்ணீர் ஏறினால் முதலில் தீவாகிறதும் அதுதான்.

அடுத்ததாக, தண்ணீர் தொடும் விளிம்பில் உள்ளங்கை அளவு கல் ஒன்றை, பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்கும்படி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பது குழுவில் ஒருவரின் வேலை. காய்ந்த பாதி நனைய ஆரம்பித்து இரண்டு விரற்கடை ஏறிவிட்டால், எல்லோரும் எழுந்து மேலே போக வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று சொல்ல அப்போது இடமில்லை. மலை ஓடையில் முதல் இரண்டு விரலுக்கு ஆகும் நேரத்தைவிட அடுத்த இரண்டு அடிக்கு ஆகும் நேரம் குறைவாக இருக்கலாம்.

தண்ணீர் ஏறுவதற்கு முன்பே வேறு அடையாளங்கள் வரும். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கோ செம்மண் நிறத்துக்கோ மாறும். சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வரும். ஈரமண் வாடை காற்றில் அடிக்கும். மேலிருந்து லாரி வருவதுபோல் உறுமல் கேட்கும். தண்ணீரோடு கற்கள் உருண்டு மோதும் சத்தம் அது. இவற்றில் ஒன்று போதும், கிளம்புங்கள்.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் அடையாளம் ஒன்று உண்டு. மேலே மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைவது. வெள்ளம் வடிந்துவிட்டது என்று அப்போது மறுகரைக்கு இறங்குகிறார்கள். மேலே மண்சரிவோ விழுந்த மரமோ ஓடையை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் தண்ணீரும் மண்ணும் மரமும் ஒன்றாக வரும். மழைநேரத்தில் ஓடை வற்றினால் அது இறங்கும் நேரமில்லை, ஓடும் நேரம்.

ஓடுவது என்றால் ஓடையோடு கீழ்நோக்கி ஓடுவதில்லை. வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும். பக்கவாட்டில் சரிவைப் பிடித்து மேலே ஏறுங்கள், குறைந்தது இரண்டு ஆள் உயரம். பையும் செருப்பும் கேமராவும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். மறுகரையில் சிக்கியவர்கள் அங்கேயே மேடேறி உட்கார வேண்டும். மழை நின்றதும் சின்ன ஓடைகளில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். பசியோடு காத்திருப்பது பிழைக்கும் வழி.

மழையே இல்லாமல் ஏறும் தண்ணீர்

நீலகிரியின் ஆறுகள் பலவற்றில் மின்வாரிய அணைகள் உண்டு: பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, போர்த்திமந்து, குந்தா, கெத்தை, கீழே பில்லூர். மின்தேவை ஏறும் நேரத்தில் நீர்மின் நிலையம் ஓடும். ஓடினால் கீழே ஆற்றில் தண்ணீர் ஏறும். மேட்டுப்பாளையத்தில் பவானியில் குளிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இறங்கும்போது முழங்கால் அளவு இருந்தது, நடுவில் நிற்கும்போது இடுப்புக்கு வந்துவிடும். பில்லூர் அணையின் முழு உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறப்பார்கள், பவானிக் கரைக்கு வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். அணைக்கும் மின்நிலையத்துக்கும் கீழே இருக்கும் ஆற்றில் பகல், இரவு, கோடை, மழை எதையும் நம்ப முடியாது. சைரன் கேட்டால் அர்த்தம் கேட்டுக்கொண்டு நிற்காமல் கரையேறுங்கள். தெங்குமரஹாடா போகும் வழியில் பரிசலில் மாயாற்றைக் கடப்பவர்கள் பரிசல்காரர் "இன்று வேண்டாம்" என்றால் மறுபேச்சுப் பேசக்கூடாது. அவர் அந்தத் தண்ணீரை ஆண்டு முழுவதும் பார்க்கிறவர்.

அருவிக் கசம் (அருவி விழும் ஆழ மடு): நீச்சல் தெரிந்தவரும் ஏன் மூழ்குகிறார்

கொடைக்கானல் பெத்துப்பாறைப் பக்கம் அஞ்சுவீடு அருவியில் உயிரிழந்தவர்களில் இளைஞர்கள் அதிகம். இப்படிப்பட்ட இடங்களில் தடைப் பலகை வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவர் பலகையைத் தாண்டமாட்டார்.

அருவி விழும் இடத்தில் தண்ணீர் செங்குத்தாக அடிக்குப் போய், அங்கிருந்து மேலெழுந்து, மேற்பரப்பில் மறுபடி அருவியை நோக்கியே திரும்பும். கிணற்று உருளைபோலச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் மாட்டியவர் கரையை நோக்கி நீந்துவதாக நினைப்பார், தண்ணீர் அவரை அருவிக்கே திருப்பிக் கொண்டுபோகும். இது போதாதென்று, நுரைத்த தண்ணீரில் பாதி காற்று. காற்று கலந்த நீர் உடம்பைத் தாங்காது. கையை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. வெள்ளை வெளேரென்று நுரைக்கும் இடம் அழகாகத் தெரியும். நீந்தவே முடியாத இடமும் அதுதான்.

கசத்தின் அடி எப்படி இருக்கும் என்று மேலிருந்து தெரியாது. உருண்ட கற்கள் பாறையைக் குடைந்து உரல் மாதிரிக் குழிகள் செய்திருக்கும். ஓரப்பாறைக்கு அடியில் குகைபோல் உள்வாங்கியிருக்கும். போன மழையில் வந்த மரம் ஒன்று குறுக்கே கிடக்கும். போன வருடம் குதித்த இடமாயிற்றே என்று இந்த வருடம் குதிக்கக் கூடாது, ஒரு மழைக்காலம் அடியை மாற்றி எழுதிவிடும்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். 15 டிகிரிக்குக் கீழ் இருக்கும் நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் முதல் மூச்சே தண்ணீர்தான். முதல் ஒரு நிமிடம் நீந்த முயலாமல் மிதந்துகொண்டு மூச்சைச் சீராக்குங்கள். அடுத்த பத்து நிமிடம் வரைதான் கைகால் சொன்னதைக் கேட்கும், அதற்குள் கரையேற வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல் ஓடைகளுக்கு இது முழுக்கப் பொருந்தும். குடித்துவிட்டு இறங்குவது எந்த மாதத்திலும் தற்கொலை.

அருவியின் உச்சிப் பாறையில் நின்று படம் எடுப்பதையும் இதே கணக்கில் சேருங்கள். ஈரப் பாசியில் ரப்பர் செருப்பு, வெறுங்கால், விலையுயர்ந்த ஷூ எல்லாம் ஒன்றுதான். விளிம்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள் காலை வைக்காதீர்கள்.

இழுத்துக்கொண்டு போனால்

கடலோரம் வளர்ந்தவர்களுக்கு, இழுப்பில் சிக்கினால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வா என்று சொல்லித் தந்திருப்பார்கள். ஆற்றில் அந்தப் பாடம் அப்படியே செல்லாது. இங்கே தண்ணீர் ஒரே திசையில், பாறைகளுக்கு நடுவே இழுக்கும். மல்லாந்து படுங்கள். கால்கள் கீழ்நோக்கிய திசையில், பாதங்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரியும்படி இருக்கட்டும். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். கைகளால் பின்னோக்கித் துழாவி, கரைக்குச் சாய்வாக, மெல்ல மெல்ல நகருங்கள். எதிர்நீச்சல் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெம்பு தீர்ந்துவிடும்.

ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாதம் இரண்டு கல்லுக்கு இடையில் சிக்கினால் தண்ணீர் முதுகில் அடித்துக் கவிழ்த்துவிடும், இடுப்பளவு ஆழத்திலேயே உயிர் போகும். முழங்காலுக்குக் கீழே வந்த பிறகே நில்லுங்கள். முன்னால் விழுந்த மரம் குறுக்கே வந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னால் போக வேகமாக நீந்தி, மரத்தின் மேலே ஏறிவிடுங்கள். கிளைகளுக்கு அடியில் போனால் தண்ணீர் வெளியே போகும், ஆள் மாட்டிக்கொள்வார்.

ஓடையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு சருகைப் போட்டு அதோடு கரையில் நடந்து பாருங்கள். உங்கள் நடையைவிட அது வேகமாகப் போனால் கடக்க வேண்டாம். தண்ணீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. கடக்கலாம் என்றால் அகலமான, முழங்காலுக்குக் கீழ் ஆழமுள்ள இடத்தைத் தேடுங்கள். கீழே அருவி இருக்கும் இடம் கூடாது. ஷூவைக் கழற்றாதீர்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளக் கூடாது. விழுந்தால் அந்தக் கயிறே தண்ணீருக்கு அடியில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கரையிலிருந்தே காப்பாற்றுவது

ஒருவர் மூழ்க, அவரைப் பிடிக்க இன்னொருவர், அவருக்காக மூன்றாமவர் என்று ஒரே குடும்பம் போன செய்திகள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. தண்ணீருக்குள் இறங்காமல் உதவ முடியும். அதற்கு வண்டியில் இரண்டு பொருள் போதும்: 15 முதல் 20 மீட்டர் நைலான் கயிறு, மூடியோடு ஒரு காலி 5 லிட்டர் எண்ணெய் கேன். கேனில் கால் லிட்டர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். வெறும் கேனைக் காற்று தூக்கிப்போகும், இந்தக் கனம் இருந்தால் எறிந்த இடத்தில் விழும். கைப்பிடியில் கயிற்றைக் கட்டிவிடுங்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் இது ஒருவரின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைக்கும்.

முதலில் பெயரைச் சொல்லிக் கத்தி அவரைத் திரும்பிப் பார்க்க வையுங்கள். பிறகு கயிறு அவர் தோளின் மேல் விழும்படி எறியுங்கள். எறிந்ததும் உட்கார்ந்து, கால்களைப் பாறையில் ஊன்றிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு பிடித்தால் நீங்களும் போவீர்கள். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. அவர் மல்லாந்தபடி கயிற்றைப் பிடித்திருந்தால் தண்ணீரே அவரைக் கரைக்கு ஒதுக்கும். கயிறு இல்லையா? ஒரு சேலை ஐந்தரை மீட்டர். இரண்டை நனைத்து முடிச்சுப் போட்டால் பத்து மீட்டர் கிடைக்கும். கூடவே ஒருவர் 112-க்கோ, தீயணைப்புக்கு 101-க்கோ, ஆம்புலன்ஸுக்கு 108-க்கோ அழைக்கட்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, எந்த வளைவில் கிடைக்கிறது என்று வரும் வழியிலேயே பார்த்துவைப்பது நல்லது.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகப் பிடிப்பது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும், விலைமதிப்பில்லாத நிமிடங்களும் போய்விடும். மூழ்கியவருக்குத் தேவை காற்று. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்குங்கள். மூச்சில்லை என்றால், மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து ஐந்து முறை, மார்பு எழும்படி ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 முறை, 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்தி, இரண்டு ஊதல். 30-க்கு 2 என்ற கணக்கில் ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். இருவர் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத் துணியை மாற்றி, கம்பளி போர்த்துங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

தோட்டத்துக் குட்டை

சுற்றுலா வருகிறவர்கள் அருவியில் மூழ்குவது செய்தியாகிறது. மலைக் குழந்தைகளுக்கு ஆபத்து வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரட், உருளைக்கிழங்கு, பூண்டுத் தோட்டங்களில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக் குட்டைகள் உண்டு. அந்த ஷீட் ஈரமானால் சோப்பு தடவியதுபோல் இருக்கும். நாலு பக்கமும் சாய்வு. நீச்சல் தெரிந்த பெரியவருக்கே கரையேற ஒரு பிடி கிடைக்காது. உள்ளே விழுந்த நாயோ காட்டெருமைக் கன்றோ சுற்றிச் சுற்றி வந்து களைத்து மூழ்குவதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய அரை நாள் வேலை போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கயிறு, ஆக நாலு கயிறு. 16 மி.மீ. கனமுள்ள நைலான் கயிறு ஈரக்கையில் வழுக்காமல் பிடிக்க வரும். ஒரு அடிக்கு ஒரு முடிச்சு போடுங்கள். மேல் நுனியைக் கரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இரண்டடி ஆழம் அடித்த இரும்புக் குழாயில் கட்டுங்கள். குட்டை பாதி வற்றினாலும் கீழ் நுனி தண்ணீரைத் தொட வேண்டும், எனவே சாய்வு முழுக்கத் தொங்கி அடிவரை எட்டட்டும். வசதிப்பட்டால் பழைய டயர்களைக் கயிற்றில் கோத்து ஏணிபோல் விடலாம். குழந்தைகளுக்கு முடிச்சைவிட அது சுலபம். சுற்றிலும் நாலடி வேலி, பூட்டோடு ஒரு படல். வெயிலில் நைலான் இற்றுப்போகும். வருடத்துக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன், உங்கள் முழு எடையையும் கயிற்றில் தொங்கவிட்டு இழுத்துப் பாருங்கள். நார் பொடியாக உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

தரைப்பாலமும் வீடும்

தெப்பக்காடு – மசினகுடி சாலையில் மாயாற்றின் தரைப்பாலம் பல மழைக்காலங்களில் மூழ்கியிருக்கிறது. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் ஆழத்தைக் கண்ணால் கணிக்காதீர்கள், அடியில் சாலையே இல்லாமல் போயிருக்கலாம். அரை அடி வேகத் தண்ணீர் நிற்கும் ஆளைச் சாய்க்கும். ஒரு அடி சின்னக் காரை மிதக்கவிடும். இரண்டடி ஜீப்பையும் இழுத்துப்போகும். முன்னால் போன பஸ் கடந்தது உங்கள் காருக்குச் சாட்சியில்லை.

ஓடையோரத்திலோ சரிவின் அடியிலோ வீடு இருந்தால், மழைமானி ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள தகர டப்பா போதும். பக்கெட் கூடாது, வாய் விரிந்திருப்பதால் அளவு தப்பாகக் காட்டும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நேராக நிறுத்துங்கள். ஸ்கேலை விட்டுப் பார்த்தால் எத்தனை மி.மீ. தண்ணீரோ அத்தனை மி.மீ. மழை. ஒரே நாளில் 100 மி.மீ. தாண்டியும் மழை விடவில்லை என்றால், அல்லது மூன்று நாள் மழையில் மண் ஊறியிருக்கும்போது மறுபடி கொட்டினால், இருட்டுவதற்கு முன் வேறிடம் போய்விடுவது எங்கள் கணிப்பில் சரியானது. சுவரிலோ தரையிலோ புது விரிசல், திடீரென இறுகிய கதவு, சாய்ந்த மரம், தெளிந்திருந்த ஊற்றில் கலங்கல், இவற்றில் எது தெரிந்தாலும் மழையளவுக்காகக் காத்திருக்காமல் வெளியேறி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, நாள்காட்டியில் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்து அதே இடத்தில் வையுங்கள். வானிலை மையம் அளக்கும் நேரமும் அதுதான், உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒப்பிட வசதியாக இருக்கும்.